சுங்குடிப் புள்ளியும் திரைப் புள்ளியும்: படம் சுருக்கும் இலவசக் கருவிகள், ஒரு மதிப்பீடு

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகளை வாங்கி வீட்டிலிருந்தபடியே விற்றுவரும் என் அண்ணி, சென்ற ஆண்டு ஒரு சிறிய இணையக் கடையைத் தொடங்கினார். சேலைகளை மொட்டைமாடிக் கொடியில் விரித்துப் போட்டு, கைபேசியில் தாமே படம் பிடித்து, எடுத்தது எடுத்தபடியே ஏற்றிவிட்டார். ஒரு பக்கத்துக்கு 12 சேலைகள், ஒரு சேலைக்கு ஒரு படம், ஒரு படம் ஏறக்குறைய 4.5 எம்பி என்ற கணக்கில், அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பதற்கே வாடிக்கையாளருக்கு 50 எம்பிக்கு மேல் தரவு செலவாயிற்று. பேருந்தில் அமர்ந்து கைபேசியில் சேலை பார்க்கும் ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மொத்தம் 140 படங்களையும் சுருக்கித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. பணம் செலவிடுவதில்லை என்ற முடிவோடு இலவசக் கருவிகள் சிலவற்றை இரண்டு மாதங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த அனுபவத்தின் மீதான மதிப்பீடே இது.

கருவிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'படத்தின் அளவைக் குறை' என்று நாம் சொல்லும்போது வெவ்வேறான இரண்டு வேலைகளை ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஒன்று, படத்திலுள்ள பிக்சல்களின், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளின், எண்ணிக்கையைக் குறைப்பது. மற்றொன்று, அந்தப் பிக்சல்களைப் பதிந்து வைக்கும் கோப்பின் எடையைக் குறைப்பது. அண்ணியின் கைபேசி தரும் படம் 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். இதை 1200க்கு 900 ஆக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல்கள் மட்டுமே மிஞ்சும். பதினொன்றில் ஒரு பங்கு. இது முதல் வேலை. மிஞ்சியதை ஜேபெக் (.jpg) என்னும் வழக்கமான படக்கோப்பு முறையில் எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பது இரண்டாவது வேலை. முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் கடுமையாகச் செய்வோர்தாம், பெரிய படமாக இருந்தும் கட்டம் கட்டமாகச் சிதைந்த படத்தைப் பெறுகிறார்கள். (ஓர் அங்குலத்துக்கு இத்தனைப் புள்ளிகள் என்று கூறும் டிபிஐ எண்ணை மாற்றுவதால் இணையத்தில் தெரியும் படத்துக்கு எதுவும் ஆவதில்லை, அது அச்சகத்துக்கான கணக்கு.)

நம்மவர்கள் அறிந்தோ அறியாமலோ மிகுதியாகப் பயன்படுத்தும் சுருக்கும் கருவி வாட்ஸ்அப்தான். படத்தைத் தமக்கே அனுப்பிக்கொண்டு, திரும்பச் சேமித்தால் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகவும் எடை சில நூறு கேபியாகவும் குறைந்துவிடுகிறது. படங்களைச் சுருக்க வேண்டும் என்றானபோது அண்ணியும் முதலில் இதைத்தான் செய்து பார்த்தார். குறை என்னவென்றால், எவ்வளவு இறுக்குவது என்பதை வாட்ஸ்அப்பே முடிவு செய்கிறது. வழக்கமான தரமா, எச்டியா என்பதற்கு மேல் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "இந்தப் புள்ளியெல்லாம் ஏன் தம்பி இப்படிச் சோர்ந்துபோய்க் கிடக்குது?" என்று அவர் கேட்டது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

அந்தக் கேள்வியே என் சோதனைக்கு அளவுகோலாயிற்று. சுங்குடியில் இரண்டு வகை விற்பனைக்கு வருகின்றன. துணியைக் கடுகளவு கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது ஒரு வகை. முடிச்சுக்குள் சாயம் புகாததால் அங்கே வெள்ளைப் புள்ளி விழும், அதன் ஓரம் ஒரே சீராக இராது, நடுவே சாயம் இலேசாகத் தொட்டிருப்பதும் உண்டு. அச்சில் போடுவது மற்றொரு வகை. புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே ஓரம். விலையில் இரண்டுக்கும் நிறைய வேறுபாடு. வாங்குபவர் கையால் தொட்டுப் பார்க்க முடியாத இணையக் கடையில், அந்தச் சீரற்ற ஓரம் ஒன்றுதான் சேலை கைவேலை என்பதற்குச் சாட்சி. படத்தைச் சுருக்கும்போது அந்த ஓரம் மழுங்கிவிட்டால், முடிச்சுச் சேலையும் அச்சுச் சேலை போலத் தெரியும். எனவே எந்தக் கருவி எவ்வளவு சிறிய கோப்பைத் தருகிறது என்பதைவிட, எது புள்ளியின் ஓரத்தைக் காப்பாற்றுகிறது என்பதையே நான் பார்த்தேன்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது ஸ்குவூஷ். கூகுளின் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட இது, உலாவிக்குள்ளேயே இயங்கும் ஒரு செயலி. இணையதளமாகத் திறந்தாலும் படம் எந்தச் சர்வருக்கும் போவதில்லை. சுருக்கும் வேலை முழுவதும் நம் கணினியிலோ கைபேசியிலோதான் நடக்கிறது. ஒருமுறை திறந்த பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்திப் பார்த்தேன். தடையின்றி வேலை செய்தது. விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்வதில்லை, படத்தின் மீது முத்திரை குத்துவதில்லை.

படத்தை உள்ளே இட்டதும் திரை நடுவே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் மூலப் படம், மறுபக்கம் சுருங்கிய படம். கோட்டை இங்குமங்கும் இழுத்தால், ஒரே புள்ளி மூலத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆயிற்று என்பதை உடனுக்குடன் காணலாம். கோப்பு எத்தனை கேபி, எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதும் கூடவே தெரியும். இந்த ஒப்பீட்டுத் திரையே இக்கருவியின் பெரும் பலம் என்பேன். தரத்துக்கான எண்ணை 75, 60, 45 என்று இறக்கிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் புள்ளி உடைகிறது என்று கண்ணால் பார்த்து நிறுத்தலாம். வேறு கருவிகளில் சேமித்து, திறந்து, பார்த்து, மனம் நொந்து, மறுபடி சேமிக்க வேண்டியிருந்த இடம் இது.

ஸ்குவூஷில் பலரும் தொடாமல் விட்டுவிடும் இரண்டு சிறு அமைப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுங்குடிக்கு இவைதான் உயிர்நாடியாக அமைந்தன. அளவு மாற்றும் பகுதியில் 'லீனியர் ஆர்ஜிபி' என்றொரு பெட்டி இருக்கிறது. தொடக்கத்திலேயே அது இயக்கத்தில் உள்ளது. படத்தைச் சுருக்குவது என்பது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்குவதுதான். ஒரு கறுப்புப் பிக்சலின் மதிப்பு 0, வெள்ளைப் பிக்சலின் மதிப்பு 255 என்றால், நேரடிச் சராசரி 128 என்று வரும். ஆனால் கோப்பில் பதியப்படும் எண்கள் ஒளியின் அளவை நேர்விகிதத்தில் குறிப்பவை அல்ல. 128 என்ற எண் திரையில் தருவது வெள்ளையின் ஒளியில் ஏறக்குறைய 22 விழுக்காடுதான். பாதி ஒளிக்கு உரிய எண் 188. ஒளியின் அளவை வைத்துக் கணக்கிடாமல் எண்களை அப்படியே சராசரியாக்கும்போது, அடர்ந்த நிறத்தின் நடுவே இருக்கும் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் மங்கிப்போகின்றன. கருநீலச் சேலை ஒன்றில் அந்தப் பெட்டியை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தேன். நிறுத்தியபோது புள்ளிகள் பழைய வேட்டியின் வெள்ளை போலாகிவிட்டன. அண்ணி சொன்ன சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றொன்று நிறம் தொடர்பானது. ஜேபெக் முறை, மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் காணும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கூர்மையாகக் காண்பதில்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, வழக்கமாக இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவலைப் பதிந்து வைக்கும். முகங்களிலும் மரங்களிலும் இது தெரியாது. குங்குமச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி இருக்கும் துணியிலோ, சிவப்பு நாலாபுறமும் கசிந்து புள்ளியின் ஓரத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். ஸ்குவூஷில் மோஸ்ஜேபெக் என்னும் முறையைத் தேர்ந்து, மேலதிக அமைப்புகளைத் திறந்தால், நிறத்தைத் தானாகக் குறைக்கும் பெட்டியை நிறுத்திவிட்டு, குறைக்கும் எண்ணை 1 என்று வைக்கலாம். கோப்பின் எடை சற்றுக் கூடும். ஆனால் புள்ளி புள்ளியாக நிற்கும். சிவப்புச் சேலைகள் அனைத்தையும் இப்படியே சேமித்தேன்.

ஜேபெக் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கிளைச் செய்தி. 1992இல் தரமாக ஏற்கப்பட்ட இம்முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கணித உருமாற்றத்துக்கு உட்படுத்துகிறது. அந்த உருமாற்றத்தை 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் டி. நடராஜன், கே. ஆர். ராவ், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆகிய மூவர். தரத்தை அளவுக்கு மீறி இறக்கும்போது சேலையில் தெரியும் சதுரச் சதுரமான கறைகள், இந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்களே. வெப்பி, ஏவிஐஎஃப் போன்ற புதிய கோப்பு வகைகளிலும் ஸ்குவூஷ் சேமித்துத் தரும். அவை இன்னும் எடை குறைந்தவை. எனினும், படத்தைச் சேமித்து உறவினருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் வாடிக்கையாளர்களை மனத்தில் கொண்டு, எந்தப் பழைய கைபேசியிலும் திறக்கும் ஜேபெக்கையே நான் வைத்துக்கொண்டேன்.

ஸ்குவூஷின் குறைகள் சிறியவையல்ல. ஒரு நேரத்தில் ஒரு படம் மட்டுமே. 140 படங்களுக்கு 140 முறை இழுத்துப் போட்டு, அமைத்து, இறக்க வேண்டும். பல படங்களை ஒருசேரச் செய்ய உதவிய அதன் கட்டளைவரி வடிவம் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது) கைவிடப்பட்டுவிட்டது. படத்தின் ஓரத்தை வெட்டும் வசதி இல்லாததால் கொடிக்கம்பியையும் கிளிப்பையும் முன்னதாகவே கைபேசியில் வெட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சுருக்கிய பின் கூர்மையாக்கும் வசதியும் இல்லை. சுருக்கும் முறைகளில் 'லாங்சோஸ்3' போதிய கூர்மை தருவதால் இதை நான் பெரிதாகக் கருதவில்லை. முகப்பு முழுவதும் ஆங்கிலம் என்பதால், அண்ணிக்கு எந்தப் பெட்டி எங்கே என்று திரையைப் படம் எடுத்து அம்புக்குறியிட்டுக் கொடுத்தேன்.

மொத்தமாகச் செய்யும் வேலைக்கு விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள இமேஜ் ரீசைசர் போல எளியது வேறில்லை. தொகுப்பு இலவசம், திறந்த மூலம். நிறுவிய பின், கோப்புறையில் படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கினால் சுருக்குவதற்கான வரி அங்கேயே நிற்கும். சிறியது 854க்கு 480, நடுத்தரம் 1366க்கு 768, பெரியது 1920க்கு 1080 என்று முன்கூட்டியே சில அளவுகள் உண்டு. நமக்கு வேண்டியதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். நெடுக்குப் படத்தையும் குறுக்குப் படத்தையும் ஒரே கட்டளையில் சரியாகக் கையாள்கிறது. மூலப் படத்தை அழித்து எழுதாமல் நகலெடுத்துச் சுருக்குவதே இயல்பான அமைப்பு. அதை மாற்றும் பெட்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிறிய படத்தைப் பெரிதாக்காமல் விட்டுவிடும் பெட்டியை மட்டும் தேடி இயக்கிக்கொள்ளுங்கள். இதன் குறை, விளைவை முன்கூட்டிக் காண வழியில்லை என்பதும், ஜேபெக் தரம் என்ற ஒற்றை எண்ணைத் தவிர நிறத்துக்கான நுண்ணமைப்பு எதுவும் இல்லை என்பதும். அந்த எண் தொடக்கத்தில் 90 என்றிருக்கும். 80க்கு இறக்கினேன், அச்சுச் சேலைகளுக்குப் போதுமானதாக இருந்தது.

இர்ஃபான்வியூவைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு சார்பு இருப்பதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரிக் காலம் முதல் என் கணினியில் இருப்பது அது. இர்ஃபான் ஸ்கில்ஜன் என்ற தனி மனிதர் 1996இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் அது, சில எம்பி எடைக்குள் அடங்கி, பழைய கணினியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது. நூறு படங்களை ஒருசேரச் சுருக்கி, பெயர் மாற்றி, சுருக்கிய பின் கூர்மையாக்கி, நிறக் கசிவைத் தடுக்கும் பெட்டியையும் இயக்கிச் சேமிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கோப்பு இத்தனை கேபிக்குள் வர வேண்டும் என்று சொல்லிச் சேமிக்கும் வசதியும் உண்டு. அந்த அமைப்புத் திரையோ, பழைய அரசு விண்ணப்பப் படிவத்தைப் போலப் பெட்டிகள் நெருங்கி நிற்பது. முதல் முறை பார்ப்பவர் அஞ்சத்தான் செய்வார்.

என் அளவில் இதற்கே முதலிடம் தந்திருப்பேன். தராததற்குக் காரணம் உரிமம். இர்ஃபான்வியூ தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமத்தைப் பணம் கொடுத்துப் பெற வேண்டும். வீட்டுக் கூடத்தில் நடந்தாலும் சேலை விற்பனை வணிகமே. 'யார் வந்து கேட்கப் போகிறார்கள்' என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் ஒரு தனி மனிதரின் உழைப்பு எனும்போது. 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டதும் நாம் படிக்காமல் விடும் அடுத்த வரியை இங்கே படித்தாக வேண்டும். குடும்பப் படங்களுக்கும், கோயில் பயணப் படங்களுக்கும் இதை மனமாரப் பரிந்துரைப்பேன். கடைக்கு உரிமம் வாங்கிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

கிம்ப் அத்தகைய கட்டுப்பாடு இல்லாத, படங்களைத் திருத்துவதற்கான முழுமையான கட்டற்ற மென்பொருள். வெட்டுவது, வெளிச்சம் திருத்துவது, பின்னணியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை நீக்குவது எல்லாம் ஒரே இடத்தில் முடியும். அளவை மட்டும் மாற்றுவதற்கு அதைத் திறப்பது, கறிவேப்பிலை கிள்ள அரிவாள் எடுப்பது போன்றது. விண்டோஸின் பெயிண்ட் அதற்கு நேரெதிர்: பிக்சலை எளிதாக மாற்றும், ஜேபெக் தரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காது.

இனி, '50 கேபிக்குக் குறைத்துத் தருகிறோம்' என்று தேடலில் முதலில் வந்து நிற்கும் தளங்கள். அவற்றில் ஒன்றில், இறக்கும் பொத்தான் போலவே தோற்றமளித்த மூன்று விளம்பரங்களுக்கு நடுவே உண்மையான பொத்தானைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆயிற்று; அதற்குள் தவறான ஒன்றை அழுத்தி, வேண்டாத நீட்சி ஒன்றை நிறுவச் சொல்லும் பக்கத்துக்குப் போய்விட்டேன். எல்லாத் தளங்களும் இப்படியென்று கூற மாட்டேன். ஆனால் இவற்றுள் பல, படத்தைத் தம் சர்வருக்கு எடுத்துச் சென்றே சுருக்குகின்றன. சேலைப் படம் போனால் போகட்டும். மக்கள் இங்கே ஏற்றுவது பெரும்பாலும் தம் முகத்தையும் கையொப்பத்தையும்.

இந்த இடத்தில் என் அக்கா மகனின் வங்கித் தேர்வு விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. ஐபிபிஎஸ் விண்ணப்பத்துக்கு ஒளிப்படம் 200க்கு 230 பிக்சலில் 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையொப்பம் 140க்கு 60 பிக்சலில் 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். எல்லோரும் மேல் வரம்பையே பார்த்து அஞ்சுகிறார்கள். அவனுடைய படம் நிராகரிக்கப்பட்டதோ கீழ் வரம்பால். 200க்கு 230 என்பது வெறும் 46,000 பிக்சல். ஸ்குவூஷின் வழக்கமான 75 தரத்தில் அது 10 கேபியை ஒட்டியே வந்து நின்றது. தர எண்ணை மேலே நகர்த்தி, 20 கேபியைத் தாண்டியதும் நிறுத்தினோம். பிக்சலும் எடையும் தனித்தனி என்று தெரிந்திருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலை இது. படமும் வீட்டை விட்டு வெளியே, விண்ணப்பத் தளத்தைத் தவிர, வேறெங்கும் போகவில்லை.

வெளியே போவது என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைபேசியில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. அண்ணி முதலில் ஏற்றிய படங்களைத் திறந்து பார்த்தபோது, அவர் வீட்டு மொட்டைமாடியின் இருப்பிடம் அதில் அப்படியே இருந்தது. ஸ்குவூஷ் சேமிக்கும் கோப்பில் இந்தத் தகவல் இருப்பதில்லை. பவர்டாய்ஸில் அதை நீக்குவதற்கென்று தனிப் பெட்டி உண்டு. நாமே இயக்கினால்தான் நீக்கும். இர்ஃபான்வியூவிலும் சேமிக்கும் திரையில் இதற்கான தேர்வு இருக்கிறது.

முடிவில் வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டேன். அச்சுச் சேலைகள் 108. அவற்றை ஒரே கோப்புறையில் இட்டு, பவர்டாய்ஸில் 1200க்கு 900 என்ற கட்டத்துக்குள், தரம் 80, இருப்பிடத் தகவல் நீக்கம் என்று அமைத்துச் சுருக்கினேன். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முடிச்சுச் சேலைகள் 32. அவற்றை இரண்டு மாலைகளில் ஸ்குவூஷில் ஒவ்வொன்றாகத் திறந்து, கோட்டை இழுத்து இழுத்துப் புள்ளியின் ஓரத்தைப் பார்த்துச் சேமித்தேன். அவை 300 கேபியை ஒட்டி வந்தன, அச்சுச் சேலைகளைவிட எடை கூடுதல்தான். ஒரு பக்கம் இப்போது 3 எம்பி அளவில் திறக்கிறது. புதிதாக வரும் முடிச்சுச் சேலைகளை அண்ணி தம் கைபேசியிலேயே ஸ்குவூஷைத் திறந்து செய்துகொள்கிறார். சிவப்பு வந்தால் மட்டும், எந்தப் பெட்டியை நிறுத்த வேண்டும் என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்.